பூதத்திற்கு உருத் தந்தவர்

நார்வே நாட்டின் தென்கடற்கரையில் கிராகரோ என்னும் சிறு துறைமுக நகர் உள்ளது. அங்கே 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தியோடர் கிட்டெல்சன் பிறந்தார். தந்தையார் வணிகர். மகனுக்குப் பதினொரு வயதானபோது அவர் இறந்தார். பிள்ளைகள் பலரைக் கொண்ட அக்குடும்பத்தை வறுமை பற்றியது. கிட்டெல்சன் கடிகாரத் தொழில் பயிலச் சென்றார். ஓவியம் வரைவதில் அவருக்கிருந்த திறமையை அறிந்த செல்வர் ஒருவர், அவரது பதினேழாம் வயதில் பொருளுதவி செய்ய முன்வந்தார். அவ்வுதவியால், இந்நாளில் ஆசுலோ எனப்படும் கிறித்தியானியா நகரிலும், பின்னர்ச் செருமனியின் மியூனிக் நகரிலும் அவர் கலை பயின்றார். 1879இல் அவ்வுதவியும் நின்றது. செய்தித்தாள்களுக்குப் படம் வரைந்தே அவர் வயிறு வளர்க்க நேர்ந்தது.

ஆசுபியர்ன்சன், மோ என்னும் அறிஞர் இருவர் நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளை முன்னரே தொகுத்திருந்தனர். 1880களில் அக்கதைகளுக்குப் படம் வரையும் பணி கிட்டெல்சனை வந்தடைந்தது. மலையிலும் காட்டிலும் வாழும் ‘டிரோல்’ என்னும் பூதம் அக்கதைகளில் அடிக்கடி தோன்றும். அது மிகப் பெரியது, அறிவு குன்றியது என்று கதை கூறும். கண்ணால் கண்டவரோ எவருமிலர். காணாத ஒன்றை எவ்வாறு வரைவது?

இதற்கு விடையை அவர் நாட்டின் நிலத்திலேயே கண்டார். 1887இல் லோபோத்தன் தீவுகளின் கோடியில் உள்ள சுகோம்வேர் கலங்கரை விளக்கத்திற்குச் சென்று, உறவினரோடு இரண்டாண்டுக் காலம் தங்கினார். நாற்புறமும் கடலும் புயலுமே துணை. அதன்பின் அவர் படைத்த பூதங்கள் நிலத்தினின்று பிரித்தறிய இயலாதவை ஆயின. 1906இல் வரைந்த வனப்பூதம், மரங்கள் முளைத்த குன்றே எழுந்து வந்தாற்போல் நிற்கிறது. 1904இல் வரைந்த நீர்ப்பேயோ, அல்லி பூத்த குளத்தில் தலையை மட்டும் உயர்த்தி விழித்துப் பார்க்கிறது. அச்சந் தருவதை முழுமையாக வரைந்துவிடுதல் எளிது. மறைத்துக் காட்டுதலே அரிது. அவ்வருஞ்செயல் அவருக்குக் கைவந்தது.

1349இல் நார்வேயை அழித்த கொள்ளைநோயை மக்கள் ‘பெசுத்தா’ என்னும் கிழவியாக உருவகித்திருந்தனர். அவள் வாரியோடு வந்தால் சிலர் பிழைப்பர். துடைப்பத்தோடு வந்தாலோ ஊரில் ஒருவரும் எஞ்சார். அவளை மாடிப்படியேறி வருபவளாக அவர் வரைந்தார். அண்ணாந்து நோக்கும் அம்முகத்தைக் கண்டோர் எளிதில் மறவார். இந்நோயைப் பற்றிய அவரது ஓவிய நூல் 1900இல் வெளிவந்தது.

1899 முதல் சோனெரன் ஏரிக்கரையில் லெளவ்லியா என்னும் வீட்டில் மனைவி மக்களுடன் வாழ்ந்தார். சிறந்த படங்கள் பல அங்கே தோன்றின. புகழ் வந்தது, 1908இல் அரசின் விருதும் வந்தது, பொருள் மட்டும் வந்திலது. உடல் நலிவுற்றமையால் 1910இல் அவ்வீட்டை விற்றுவிட்டு வெளியேறினார். 1914ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் யெல்லோயா என்னும் தீவில் உயிர் நீத்தார். அவர் விற்றுச் சென்ற வீடு இன்று அவருடைய நினைவுக் காட்சிச்சாலையாக விளங்குகிறது. அவர் பலமுறை வரைந்த ஆண்டர்சுநாட்டன் மலை ஏரிக்கு அப்பால் நிற்கிறது.