நீலகண்ட பிரம்மசாரி

தேசத்தின் பொருட்டு ஒரு கணத்தில் உயிர் நீத்தவரை உலகம் எளிதில் நினைவிற் கொள்கிறது. ஆண்டுக்கணக்காகச் சிறையில் தேய்ந்தவரை மறந்துவிடுகிறது. மணியாச்சி என்றவுடன் வாஞ்சிநாதனின் பெயர் நம் நாவில் எழுகிறது. அவ்வழக்கின் முதல் எதிரி யாரென வினவினால் நம்மிற் பலர் விழிக்கிறோம். அவரே நீலகண்ட பிரம்மசாரி.

சீர்காழியை அடுத்த எருக்கூரில் 1889-இல் பிறந்த இவர், வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் சர்க்கார் சிறையிலிட்ட காலத்தில் வாலிபர். புதுச்சேரியில் 'சூரியோதயம்' பத்திரிகையை நடத்தினார். தென் ஜில்லாக்களெங்கும் சுற்றி, காளியின் படத்தின் முன் இளைஞர்களைச் சத்தியம் செய்வித்து, இரகசியச் சங்கம் அமைத்தார். சங்கரகிருஷ்ணன் வாயிலாக வாஞ்சியும் அதில் சேர்ந்தார்.

1911 ஜூன் 17-இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது நீலகண்டர் மணியாச்சியில் இல்லை, வடநாட்டில் இருந்தார். கல்கத்தாவில் போலீஸார் வசமானார். சென்னை ஹைகோர்ட்டில் பதினால்வர் மீது வழக்கு நடந்தது. 1912-இல் தீர்ப்பு வந்தது. சதிக் குற்றத்திற்காக இவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். மற்றெவருக்கும் அத்துணைத் தண்டனை இல்லை.

1919-இல் விடுதலையான இவர் ஓய்வை நாடவில்லை. 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணியில் பாரதியாரின் கடைசி இரவில் உடனிருந்த சிலருள் இவரும் ஒருவர். பொதுவுடைமைக் கொள்கையைப் பரப்பியதற்காக 1922-இல் மீண்டும் சிறை, 1930-இல் மீட்சி. இருபத்தொன்று முதல் நாற்பது வயது வரையுள்ள காலத்தில் ஏறக்குறைய பதினாறாண்டுகளைச் சிறை விழுங்கிற்று. பின்னர்த் துறவு பூண்டு, மைசூர் ராஜ்யத்து நந்தி மலையில் ஓங்காரர் என்னும் பெயருடன் வாழ்ந்து, 1978-இல் மறைந்தார்.

கொலையை நாம் போற்றவில்லை. ஆஷும் மனைவியும் மக்களும் உடைய மனிதரே. ஆயினும் வாலிபர்களைத் துப்பாக்கியின் பக்கம் தள்ளியது எது? பேசியவரைச் சிறையிலிட்டு, கப்பல் விட்டவரைச் செக்கிழுக்கச் செய்து, நியாயமான வழிகளை யெல்லாம் அடைத்த ஆட்சியே யென்பது நமது துணிபு. அந்தப் பொறுப்பைக் கோர்ட்டு விசாரிக்கவில்லை.

கோர்ட்டு இவரது வாழ்வின் சில மாதங்களை மட்டுமே நிறுத்துப் பார்த்தது. தேசம் எண்பத்தெட்டு ஆண்டுகளையும் நிறுக்கக் கடமைப்பட்டது. இரகசியச் சங்கத்திலிருந்து பொதுவுடைமைக்கும், அங்கிருந்து துறவுக்கும் சென்ற அவர், ஒரு காலத்திலும் தம் தியாகத்திற்கு விலை கேட்டவரல்லர். வாஞ்சிக்கு அஞ்சலி செலுத்தும் ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் இவர் பெயரையும் உடன் சொல்வதே நாம் செலுத்தவேண்டிய கடன்.