முழவொலி ஆய்ந்த இராமன்

சித்திரைத் திங்களில் மதுரை மாநகர் விழாக்கோலம் பூணும். மீனாட்சியம்மையின் தேர் மாசி வீதிகளில் உலா வரும். கள்ளழகர் வைகையாற்றில் எழுந்தருள்வார். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் சாரை சாரையாக வந்து குவிவர். அக்கூட்டத்தில் தாயைப் பிரிந்த குழந்தையின் பெயரை ஒலிபெருக்கி உரக்கக் கூறும். ஓசை பெரிதாயிருந்தும் பெயர் இன்னதென்று விளங்காமல் தாய் தவிப்பதுண்டு. அதே விழாவில் ஓர் அரங்கில் மிருதங்கம் முழங்கும். அதன் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகச் செவியில் விழும். இரண்டும் அதிரும் பரப்பினால் ஒலி தருவனவே. ஒன்றில் தெளிவும் மற்றொன்றில் குழப்பமும் தோன்றுவானேன்? அதிரும் பரப்பின் இயல்பைப் பற்றிய இத்தகைய வினாக்களில் ஈடுபட்டுத் தம் இளமையின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் சர். சந்திரசேகர வேங்கட இராமன்.

ஒளியாராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் அவர் ஒளியைப் பற்றி ஆராய்ந்து புகழ் எய்துமுன் ஒலியைப் பற்றி ஆராய்ந்தவர்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். இசையிலும் நாட்டமுடையவர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணி கிடைக்கவே, மகனும் அங்கேயே பயின்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் முதல் வகுப்பில் பெற்றார். ஒலியின் இயல்பு பற்றி ஜெர்மானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு எழுதிய நூலை இளமையிலேயே கற்று அதில் தோய்ந்தார்.

அக்காலத்தில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ள நம் நாட்டில் வழியில்லை. ஆதலால் நிதித்துறைத் தேர்வெழுதி வென்று, 1907-இல் கல்கத்தாவில் உயர் அலுவலரானார். ஆங்குப் பௌபசார் வீதியில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகை ஒருநாள் அவர் கண்ணிற்பட்டது. அன்று தொடங்கி, அலுவலகத்துக்குச் செல்லுமுன் காலையிலும், திரும்பியபின் இரவிலும் அக்கழகத்து ஆய்வுக்கூடமே அவருக்கு இல்லமாயிற்று. ஆசுதோசு தே என்பவர் உடனிருந்து உதவினார். வில்லினால் மீட்டப்படும் நரம்பு எவ்வாறு அதிர்கிறது என்பதை இராமன் விரிவாக ஆராய்ந்தார். மனிதர் கை நடுங்கும், வேகம் மாறும். எனவே பிடிலை மாறா அழுத்தத்துடனும் வேகத்துடனும் மீட்டுதற்கு ஒரு பொறியையே அமைத்தார். வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரை வளைந்திருப்பதனால் நாதத்தில் விளையும் சிறப்பையும் 1921-இல் வெளியிட்டார்.

இடையில் ஒரு சோதனை நேர்ந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு ஆசுதோசு முகர்சி அவரை அழைத்தார். அரசுப் பணியோ உயர்ந்த ஊதியமும் மேன்மேலும் உயர்வும் தருவது. பேராசிரியர்க்குக் கிடைக்கும் ஊதியமோ அதனினும் மிகக் குறைவு. மேலும், அயல்நாடு சென்று பயிற்சி பெற்று வரவேண்டும் என்ற விதியும் அப்பதவிக்கு இருந்தது. இராமன் அவ்விதிக்கு இசைய மறுத்தார். விதி தளர்த்தப்பட்டது. 1917-இல் அவர் அரசுப் பணியைத் துறந்தார். குடும்பப் பொறுப்புடைய இளைஞர் ஒருவர் இங்ஙனம் துணிவது அக்காலத்தில் எளிய செயலன்று.

அவருடைய இசையாய்வுகளுள் நம் நாட்டுக்கு மிகவும் உரியது முழவு பற்றியதாகும். சீரான தோல் ஒன்றை வளையத்தில் இழுத்துக் கட்டித் தட்டினால் ஒரே ஒலி எழுவதில்லை. தோல் பல வகையாகப் பிரிந்து அதிர்கிறது. அடிப்படை ஒலியின் அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால், அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என முறையின்றி அமையும். நரம்பிலோ குழலிலோ அவை 1, 2, 3, 4 என முழுவெண்களாக அமைவதால்தான் இனிமை பிறக்கிறது. ஆகவே, கெட்டில் முரசம் போன்ற சில நீங்கலாக, மேலைநாட்டார் தோற்கருவிகளை ஓசைக்கருவிகளாகவே எண்ணினர்.

மிருதங்கம் அவ்வெண்ணத்துக்கு அடங்கவில்லை. இராமன் சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்து, 1920-இல் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார். நம் முழவின் வலந்தலை, அடிப்படை ஒலியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு, ஐம்மடங்கு ஒலிகளையும் தருகிறது. ஒன்பது வகை அதிர்வுகள் இந்த ஐந்து ஒலிகளுக்குள்ளேயே வந்து அடங்குகின்றன. இதற்குக் காரணம் தோலின் நடுவே வட்டமாக அமைந்த கரும்பூச்சே. நடுவில் எடை மிகுந்தால், நடுப்பகுதி பெரிதும் அசையும் அடிப்படை அதிர்வு மிகுதியும் தாழ்கிறது. நடுவில் அசைவற்ற கோடு செல்லும் அதிர்வு அவ்வளவு தாழ்வதில்லை. எனவே 1.59 ஆக இருந்த விகிதம் 2 ஆக உயர்கிறது. தோலின் மேல் நுண்மணலைத் தூவித் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் சென்று படிந்து அதிர்வின் வடிவத்தைக் காட்டும். இம்முறையைக் கையாண்டு மேலும் ஆராய்ந்து, 1934-இல் விரிவான கட்டுரை ஒன்றையும் அவர் எழுதினார்.

அக்கரும்பூச்சைக் கரணை என்றும் சோறு என்றும் கூறுவர். குழைந்த சோற்றுடன் இரும்புச் சத்துள்ள கல்லின் தூளைப் பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்துவர். அதன்மேல் மற்றொரு படலம், அதன்மேல் இன்னொன்று. ஒரேயடியாகத் தடிப்பாக அப்பினால் பூச்சு பெயர்ந்து விழும். முறைப்படி தேய்த்தால் அதில் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் தோன்றி, தோலோடு இணைந்து வளைந்து கொடுக்கும், நெடுநாள் உழைக்கும். இதனைக் கண்டறிந்த கைவினைஞர் யார் என்பதை எந்நூலும் குறிக்கவில்லை. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களைத் தாழ்த்தி ஒதுக்கிய சமூகம், அவர்தம் அறிவால் விளைந்த இசையை மட்டும் அவையில் ஏற்றது. அவ்வறிவு உயர்ந்த அறிவியல் என்பதை உலகோர் ஏற்குமாறு இராமனின் கட்டுரைகள் நிறுவின.

அமெரிக்காவில் ரைசு, கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் காகிதக் கூம்பும் கம்பிச்சுருளும் கொண்ட ஒலிபெருக்கியைப் படைத்தனர். அங்கும் இதே சிக்கல் எழுந்தது. கூம்பு முழுவதும் ஒரு சேர முன்னும் பின்னும் அசைந்தால் ஒலி தெளிவாயிருக்கும். அதிர்வெண் மிகும்போதோ அது தோலைப் போலப் பகுதி பகுதியாகப் பிரிந்து அதிர, ஒலி சிதையும். இதனைத் தடுக்கக் கூம்பு இலேசாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். ஈரம் பட்டால் காகிதம் தளரும். ஓயாது அசைவதால் விளிம்பு கிழியும். ஆகவே பூச்சிட்டுக் காக்கின்றனர். விளிம்பை வளையும் பொருளால் செய்கின்றனர். பூச்சு மிகுந்தாலோ எடை கூடி ஒலி மங்கும். உழைப்பும் இனிமையும் ஒருங்கே அமையப் பூச்சின் அளவு எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கேள்வி, கரணை வைப்போர்க்கும் ஒலிபெருக்கி செய்வோர்க்கும் பொதுவானதே.

1921-இல் இலண்டன் சென்ற இராமன், புனித பவுல் பேராலயத்தின் கும்மட்டத்தில் மெல்லிய பேச்சும் சுவரையொட்டி நெடுந்தொலைவு கேட்பதைக் கண்டு அதனையும் ஆராய்ந்தார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதுமுதல் ஒளியாய்வு முதலிடம் பெற்றது. ஆயினும் 1927-இல் ஜெர்மனியில் வெளியான இயற்பியல் பெருந்தொகுதியில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதியவர் அவரே.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. அவ்வாய்வில் அவருக்கு உறுதுணையாக நின்ற கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புப் பகுதியைச் சேர்ந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். 1930-இல் நோபெல் பரிசும், 1954-இல் பாரத ரத்னா விருதும் இராமனை வந்தடைந்தன. 1948-இல் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் நிறுவி, முதுமையிலும் அங்கே உழைத்தார்.

1970-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் காந்தியடிகள் நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். தம் எண்பத்திரண்டாம் வயதை நெருங்கிய நிலையில் அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனிதச் செவி ஒலியை உணரும் விதமாகும். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படியே, நிலையத்தின் தோட்டத்தில் அவருடலுக்கு எரியூட்டினர்.