மங்கம்மாள் மகாலுக்குப் போனோம்



பட்டறிவுப் பயணம்னா பால் பண்ணை, மசாலா அரைக்கிற யூனிட், சோப்பு தயாரிக்கிற இடம்னுதான் போய்க்கிட்டிருந்தோம். இந்த முறை திருச்சி ராணி மங்கம்மாள் மகாலையும் சேர்த்துக்கலாம்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். மலைக்கோட்டைக்குக் கீழே, கடைத்தெருவை ஒட்டியே இருக்கு. துணி எடுக்க, பாத்திரம் வாங்க நாம எல்லாரும் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருப்போம். ஆனா வேனில் வந்தவங்கள்ல உள்ளே போய்ப் பார்த்தவங்க ரெண்டே பேர்தான். இப்ப அரசு அருங்காட்சியகம் அந்த மகாலுக்குள்ளதான் நடக்குது.

வெளியே கற்சிலைகள் வரிசையா இருக்கு. உள்ளே பழைய காசுகள், ஓலைச்சுவடிகள், பாடம் பண்ணி வச்ச பறவைகள் எல்லாம் இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா அதையெல்லாம் பொறுமையாப் பார்க்கட்டும். எனக்கு அந்தக் கட்டடத்தை விட்டுக் கண்ணு நகரவே இல்லை. தடித்தடியான தூண்கள், வளைவு வளைவான வாசல்கள், தலைக்கு மேலே பெரிய கும்மட்டம். ராஜசபை கூடின இடம் இது. கட்டினவர் மங்கம்மாளோட வீட்டுக்காரர் சொக்கநாத நாயக்கர். மதுரையிலிருந்த தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினவரும் அவர்தான். ஆனா ஊர் ஜனங்க வாயில் நின்னது மங்கம்மாள் பேர். கட்டினவர் பேரை விட்டுட்டு, உட்கார்ந்து நிர்வாகம் பண்ணினவங்க பேரைச் சொல்ற கட்டடம் நம்ம பக்கத்தில் அதிகம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

அவங்க கதையைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மங்கம்மாள் ஒரு படைத்தலைவரோட மகள். சொக்கநாத நாயக்கருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாங்க. சொக்கநாதர் 1682-ல் இறந்துட்டார். அந்தக் காலத்து அரச குடும்பத்தில் புருஷன் செத்தா பொண்டாட்டி சிதையில் ஏறணும். மங்கம்மாள் ஏறலை. மகன் சின்னப் பையன், அவனை ஆளாக்கணும்னு உயிரோட இருந்தாங்க. அந்த மகன் முத்துவீரப்ப நாயக்கர் பட்டத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆண்டார். 1689-ல் அம்மை கண்டு அவரும் போயிட்டார். மருமகள் சின்னமுத்தம்மாள் அப்ப நிறைமாசம். அந்தப் பெண் சிதையில் ஏறாமல் தடுத்ததும் மங்கம்மாள்தான். பிள்ளை பிறந்தது. ஆனா பெத்த சில நாளிலேயே மருமகளும் போய்ச் சேர்ந்தாங்க. தானே உயிரை மாய்ச்சுக்கிட்டாங்கன்னுதான் சொல்றாங்க.

யோசிச்சுப் பாருங்க. புருஷனும் மகனும் மருமகளும் ஏழெட்டு வருஷத்துக்குள்ள போயாச்சு. கையில் ஒரு பச்சைக் குழந்தை. சுத்தி எதிரிங்க. அந்தக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டிட்டு, அவன் பேரில் 15 வருஷத்துக்கு மேல இந்த மகாலிலிருந்து ஆட்சி நடத்தினாங்க. மதுரைச் சீமையும் திருச்சிச் சீமையும் திருநெல்வேலிப் பக்கமும் அவங்க பொறுப்பு.

எதிரிங்கன்னு சொன்னேனே, வடக்கே டில்லி அவுரங்கசீப்போட படை செஞ்சி வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. மோதினா தாங்காதுன்னு தெரிஞ்சு, அவங்க கேட்ட திறையைக் கட்டி ஊரைக் காப்பாத்தினாங்க. அது கோழைத்தனம்னு எனக்குத் தோணலை. எந்தக் கடனை அடைக்கணும், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க செய்ற வேலை அது. திறை கட்டாத திருவாங்கூருக்கு 1697-ல் படை அனுப்பி வசூல் பண்ணவும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. தஞ்சாவூர் மராட்டியரோடயும் சண்டை வந்தது. அப்புறம் மைசூர் ராஜா காவிரியில் அணை போட்டுத் தண்ணியை மறிச்சதும், நேத்து வரைக்கும் சண்டை போட்ட அதே தஞ்சாவூரோட சேர்ந்துக்கிட்டுப் படை கிளப்பினாங்க. படை போறதுக்கு முன்னாடியே பெருமழை வந்து அணையை உடைச்சிட்டுப் போயிடுச்சு. காவிரித் தண்ணிக்குத் தகராறு இன்னைக்கு நேத்து வந்ததில்லைன்னு இதைக் கேட்டதும் வேனில் ஒரே பேச்சு.

எல்லாத்திலும் ஜெயிச்சாங்கன்னு சொன்னா பொய்யாயிடும். 1702-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதியோட மோதித் தோத்துப் போனாங்க. தளவாயா இருந்து அவங்களுக்கு வலதுகையா நின்ன நரசப்பையா அந்தப் போரில் இறந்துட்டார். அதுக்கப்புறம் அவங்களுக்குச் சரியான துணை அமையலை.

ஆனா ஜனங்க ஞாபகம் வச்சிருக்கிறது போரை இல்லை. சாலையைத்தான். கன்னியாகுமரிப் பக்கம் போற பழைய சாலைக்கு மங்கம்மாள் சாலைன்னே பேர். சாலை ஓரத்தில் மரம், நடந்து வர்றவங்க தங்கச் சத்திரம், குடிக்கத் தண்ணி. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது நம்மில் பலருக்குத் தெரியும். கோவில் திருப்பணி செஞ்ச அதே கையால திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் நிலம் கொடுத்தாங்க.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். இவ்வளவு சாலையும் சத்திரமும் ஏன் கட்டினாங்கன்னு கேட்டா, ஒரு கதை சொல்வாங்க. ஒருநாள் ஞாபக மறதியா இடது கையால வெத்திலையை வாங்கிப் போட்டுக்கிட்டாங்களாம். அது பெரிய பாவமாம். அதுக்குப் பரிகாரமாத்தான் இத்தனை தர்மமும் செஞ்சாங்களாம். எங்க பாட்டி காலத்திலிருந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கேன். அப்ப ரசிச்சுதான் கேட்டேன். மகாலுக்குள்ள அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்னு மறுபடி கேட்டப்போ மனசு ஒப்பலை.

சகோதரிகளே, தாம்பூலம்னா என்னன்னு நம்மில் சிலருக்கு நல்லாவே தெரியும். என் வீட்டுக்காரர் தவறினப்புறம் எத்தனை விசேஷத்தில் தாம்பூலத் தட்டு என்னைத் தாண்டிப் போயிருக்கு. காரியம் முடிஞ்ச மாசமே, இவளுக்கு எதுக்கு இனிமே பேங்கும் கையெழுத்தும், பொருளாளர் பொறுப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்துடச் சொல்லுங்கன்னு உறவுக்காரங்க சிலர் குழுவில் வந்து பேசினாங்க. குழு அக்காங்க அதைக் காதில் போட்டுக்கலை. அடுத்த கூட்டத்தில் என் கையிலதான் பாஸ்புக்கைக் கொடுத்தாங்க. இன்னைக்கும் கணக்கு நான்தான் பார்க்கிறேன்.

அதனால சொல்றேன். ஒரு ராஜா சாலை போட்டா தொலைநோக்குன்னு சொல்றாங்க. ஒரு விதவை சாலை போட்டா அவ ஏதோ தப்பு பண்ணியிருப்பா, அதான் போட்டான்னு கதை கட்டுறாங்க. சாலை இருந்தா மூட்டை ஏத்தின மாட்டு வண்டி சந்தைக்குப் போகும், சுங்கம் வரும், படை நகரும், யாத்திரை போற சனம் வழியில் சாகாது. இதெல்லாம் மங்கம்மாளுக்குத் தெரியாதா? சந்தைக்கு ஒரு பஸ் கேட்டு நாம எத்தனை மனு கொடுத்திருக்கோம். சாலையோட அருமை நமக்குத் தெரியுதே, நாட்டையே ஆண்டவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கதையை நீங்களும் உங்க பேத்திகளுக்குச் சொல்லுங்க, நல்ல கதைதான். கூடவே இந்தக் கேள்வியையும் கேட்டு வைங்க.

அவங்க முடிவு சொல்லவே கஷ்டமா இருக்கு. பேரன் வளர்ந்தான். ஆட்சியைக் கையில் கொடுக்கிற நேரத்தில் அரண்மனைக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடுச்சு. தூக்கி வளர்த்த பாட்டியையே பேரன் பக்கத்து ஆளுங்க சிறையில் போட்டாங்கன்னும், கண்ணுக்கு முன்னாடி சாப்பாட்டை வச்சுட்டு எட்டாத தூரத்தில் கட்டிப்போட்டுப் பட்டினியாலேயே சாகவிட்டாங்கன்னும் சொல்றது வழக்கம். இதைச் சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. எங்க கூட வந்த வயசான அம்மா ஒருத்தங்க மட்டும், சொத்தை எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு சொன்னாங்க. பாதிப்பேர் சிரிச்சாங்க, பாதிப்பேர் சிரிக்கலை.

அந்தப் பேரனைப் பார்க்கணும்னா ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போங்க. குடும்பத்தோட ஆள் உயரத்துக்குச் சிலையா கும்பிட்டுக்கிட்டு நிக்கிறார். அவர் 1732-ல் பிள்ளை இல்லாமல் இறந்ததும், அவர் மனைவி மீனாட்சி அரியணைக்கு வந்தாங்க. மறுபடியும் ஒரு விதவை, மறுபடியும் ஒரு தத்துப்பிள்ளை, சுத்தி எதிரிங்க. சந்தா சாகிப்பை நம்பி மோசம் போனாங்க. அவங்களோட மதுரை நாயக்கர் ஆட்சியே முடிஞ்சு போச்சு.

மங்கம்மாளோட முகம் எப்படி இருந்திருக்கும்னு எங்க குழுப் பெண்களுக்கு ஆசை வந்துடுச்சு. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில், பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்து ஊஞ்சல் மண்டபத்தில் மேலே பார்த்தால், விதானத்து ஓவியத்தில் அவங்களும் பேரனும் இருக்காங்க. அவங்களோட தமுக்கம் அரண்மனையில்தான் 1959-லிருந்து காந்தி அருங்காட்சியகம் நடக்குது. காந்தியடிகள் சுடப்பட்ட அன்னைக்கு உடுத்தியிருந்த வேட்டியும் அங்கேதான் இருக்கு. அடுத்த பயணம் மதுரைக்குன்னு பேசி வச்சிருக்கோம். காலையில் கோவில், மதியம் தமுக்கம், சாயங்காலம் சத்திரத்தை வெளியிலிருந்தாவது பார்த்துட்டுத் திரும்பிடலாம். வர விரும்புறவங்க அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்குள்ள உங்க குழுப் பிரதிநிதிகிட்ட பேர் கொடுத்துடுங்க. வேன் வாடகையைத் தலைக்குப் பிரிச்சுக்கலாம், மதியச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கலாம்.