சிறு குண்டுத் துப்பாக்கியும் பெல் துரையும்

நம் அங்கத்தினர் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு இன்றும் எழுவதுண்டு. அப்பேச்சில் பெரும்பாலும் புகழப்படுவது துப்பாக்கியின் பருமனேயாகும். குழல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வீரம் என்பது போலப் பேசுவர். அக்கருத்தைத் தம் ஆயுட்காலம் முழுதும் மறுத்து, சிறு குண்டே போதும், அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் செலுத்தும் கையுமே வேண்டற்பாலன என்று செய்கையால் காட்டிய ஒருவருடைய சரித்திரத்தை இம்மாதம் எழுதப் புகுந்தோம். அவர் கரமோஜோ பெல் என்று வேட்டை உலகத்தில் பெயர் பெற்ற வால்டர் டால்ரிம்பிள் மெயிட்லண்டு பெல் என்னும் ஸ்காத்லாந்து தேசத்தார். அவர் செய்தன யாவும் நாம் பின்பற்றத் தக்கன என்று கூறவந்தோமல்லேம். அவர் கண்ட உண்மையும், அவர் உண்மை ஓரிடத்தில் எல்லைக்குட்பட்டதும், இரண்டும் நமக்குப் படிப்பினையாம் என்றே எழுதுகின்றோம்.

பெல் துரை 1880-ஆம் வருஷம் எடின்பரோ நகரத்துக்கு அருகே, செல்வமுள்ள குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயதில் தாயையும் ஆறு வயதில் தந்தையையும் இழந்தார். தமையன்மார் வளர்ப்பில் இருந்த அச்சிறுவருக்குப் பள்ளிக்கூடம் சற்றும் ஒவ்வவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிகளைவிட்டு ஓடினார். பதின்மூன்றாம் வயதில் கப்பலேறிக் கடல் வேலைக்குச் சென்றார். ஆப்பிரிக்காவுக்குப் போய் யானை வேட்டையாட வேண்டுமென்ற ஒரே எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியிருந்தது.

மீசை அரும்பும் பருவத்திலேயே அவர் கிழக்காப்பிரிக்கா சேர்ந்தார். அக்காலத்தில் உகாண்டா இருப்புப்பாதை போடப்பட்டு வந்தது. வேலையாட்களைச் சிங்கங்கள் கொன்று தின்றமையால், அவற்றைச் சுடும் பணி அவருக்குக் கிடைத்தது. ஒரு முறைக்கு ஒரே தோட்டா இடத்தக்க .303 துப்பாக்கியொன்றே அவர் கையில் இருந்தது. முதற் குண்டு தவறினால் மறு குண்டுக்கு நேரமில்லை என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார்.

பின்னர், வட அமெரிக்காவின் கிளாண்டைக் பிரதேசத்தில் பொன் அகப்படுகிறதென்று ஜனங்கள் திரண்டோடிய காலத்தில் அவரும் அங்கே சென்றார். பொன் கைகூடவில்லை. டாசன் என்னும் ஊரிலே குவிந்திருந்த ஜனங்களுக்கு இறைச்சி தேவைப்பட்டது. பனிக்காட்டில் மான் முதலியவற்றைச் சுட்டுத் தருவதும், கூட்டாளி அதை விற்றுவருவதும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். கூட்டாளியோ பணத்துடன் மறைந்துவிட்டான். கையிலிருந்த துப்பாக்கியையும் விற்று ஊர் திரும்ப வேண்டிய நிலை வந்தது. அச்சமயம் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டிருந்தமையால், கானடா தேசத்துக் குதிரைப் படையிற் சேர்ந்து மீண்டும் ஆப்பிரிக்கா அடைந்தார். போரில் குதிரை சுடப்பட்டு வீழ, போயர் கையிற் சிறைப்பட்டுத் தப்பி வந்தார். அந்தப் போயர்கள் ஏந்தியிருந்தது ஜெர்மானிய மாசர் துப்பாக்கி. அதன் 7 மில்லிமீட்டர் தோட்டாவே பிற்காலத்தில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது என்பது வியப்பான பொருத்தம்.

யுத்தம் முடிந்த 1902-ஆம் வருஷத்தில் அவர் தந்த வேட்டைக்கு முற்பட்டார். உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜாப் பிரதேசத்தில் ஐந்தாண்டுக் காலம் அலைந்தார். அதனாற்றான் கரமோஜோ பெல் என்ற பெயர் வந்தது. பின்னர் லாடோ, அபிசீனியா, லைபீரியா முதலிய இடங்களிலும் வேட்டையாடினார்.

அக்காலத்தில் யானைக்கென்று செய்யப்பட்ட துப்பாக்கிகள் மிகப் பெரியன. .600 என வழங்கும் துப்பாக்கியின் குண்டு 900 கிரெயின், அதாவது ஏறக்குறைய 58 கிராம் எடையுள்ளது. அதைச் சுடுபவர் தோளில் விழும் உதையும் அதற்கேற்பப் பெரிது. பெல் துரை கையாண்டதோ .275 என்னும் ரிக்பி மாசர். அதன் குண்டு 173 கிரெயின், சுமார் 11 கிராமே. யானை குண்டின் எடைக்கு அஞ்சி வீழ்வதில்லை. மூளையைத் தொட்டால் சிறு குண்டிலும் வீழும், தொடாவிடின் பெருங்குண்டிலும் ஓடும் என்பது அவர் தெளிந்த உண்மை.

அத்தெளிவு அவருக்கு எளிதில் வந்ததன்று. வீழ்ந்த யானையின் தலையோட்டை வாளால் அறுத்து, மூளை எங்கே எவ்வளவு இடத்தில் இருக்கின்றது என்று பார்த்தார். பக்கவாட்டில் நின்றால் எங்கே குறிவைப்பது, பின்புறம் சாய்வாக நின்றால் கழுத்துத் தசையினூடே எவ்வழியாகக் குண்டு மூளைக்குச் செல்லும் என்று ஆராய்ந்தார். பின்புறமிருந்து சுடும் அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனிக் குண்டின் தன்மையைச் சிறிது விளக்குவோம். துப்பாக்கிக் குண்டைத் தெரிந்தெடுப்பவர் குழலின் விட்டத்தை மட்டும் கேட்டுத் திருப்தியடைதல் கூடாது. எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, உடலில் புகுந்தபின் அதன் உருவம் எவ்வாறாகும் என்ற நான்கையும் கேட்டறிதல் வேண்டும். ஒரே எடையுள்ள இரு குண்டுகளில், மெல்லியதாய் நீண்டிருப்பதே ஆழமாகச் செல்லும். தச்சன் ஆணியை அடிப்பதற்கும் முளையை அடிப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. பெல் துரையின் குண்டு நீண்டது. முனை முழுதும் உலோக உறையால் மூடப்பட்டது. நசுங்காமல் நேரே செல்வது. யானையின் தலையெலும்பைத் துளைத்து மூளையை அடைய அத்தகைய குண்டே தக்கது.

மற்றொன்றையும் அவர் கூர்ந்து கவனித்தார். தோட்டா பழுதானால் துப்பாக்கி எத்தனை உயர்ந்ததாயினும் பயனில்லை. விசையை இழுத்த பின் வெடியாமலிருப்பதும், சற்றுத் தாமதித்து வெடிப்பதும் கொடிய விலங்கின் முன்னே உயிருக்கு உலை வைப்பனவாம். 6.5 மில்லிமீட்டர் மான்லிகரையும், .318 துப்பாக்கியையும் அவர் கையாண்டு மெச்சியதுண்டு. ஆயினும் நம்பிக்கையாக வெடிக்கும் தோட்டா கிடைத்தமையால் .275-க்கே திரும்பத் திரும்ப வந்தார்.

கைப் பழக்கத்திலும் அவர் சோம்பியிருந்தாரல்லர். துப்பாக்கியை வேலையாளிடம் தூக்கக் கொடாமல் தாமே சுமந்தார். உதை குறைந்த இலேசான துப்பாக்கியாதலின், நாள் முழுதும் சுமந்தாலும் கை நடுங்கவில்லை. வழி நடக்கும்போதே தொலைவிலுள்ள கல்லையும் மரத்தையும் குறிபார்த்துப் பழகினார். ஒரு யானைக்குச் சராசரி 73 மைல் நடந்ததாக அவரே கணக்கிட்டிருக்கின்றார். ஒரே ஆண்டில் 24 ஜோடிப் பூட்ஸுகள் தேய்ந்தனவாம்.

இந்த .275 தோட்டா நம் நாட்டுக்கும் அந்நியமன்று. சம்பாவத்தில் மனிதரைத் தின்று வந்த பெண்புலியை 1907-இல் கொன்ற ஜிம் கார்பெட் துரைக்கு, ஐக்கிய மாகாணத்து லெப்டினண்டு கவர்னர் ஹ்யூவெட் பரிசாக அளித்தது இதே .275 ரிக்பி துப்பாக்கியே.

முதல் உலக மகாயுத்தத்தில் பெல் துரை ஆகாய விமானம் ஓட்டக் கற்று, கிழக்காப்பிரிக்காவிலும் பின்னர் பால்கன் பிரதேசத்திலும் பணியாற்றி, மிலிடரி கிராஸ் என்னும் விருது பெற்றார். யுத்தத்தின்பின் மணம்புரிந்து, ஸ்காத்லாந்தின் வடமலைப் பகுதியில் ராஸ்ஷயரைச் சார்ந்த கார்வ் என்னுமிடத்தில் ஒரு பெரும் பண்ணையை வாங்கி வசித்தார். 1923-இல் தம் யானை வேட்டை அநுபவங்களை நூலாக வெளியிட்டார். பாய்க்கப்பல் ஓட்டத்திலும் மனைவியாருடன் ஈடுபட்டார். ஆயினும் துப்பாக்கி அவரை விடவில்லை. அப்பண்ணையைச் சூழ்ந்த மலைகளில் சிவப்பு மான்கள் திரிந்தன.

மான் வேட்டையில் அவர் எதிர்ப்பட்ட வினா வேறானது. யானைக்கு ஏற்ற குண்டு மானுக்கு ஏலாது. நசுங்காத குண்டு மானின் மெல்லிய உடலில் ஊசி போல் நுழைந்து மறுபுறம் வெளியேறிவிடும். மான் அக்காயத்துடன் நெடுந்தூரம் ஓடி, எங்கோ புதரில் கிடந்து மெல்ல மடியும். ஆகையால் மானுக்கு முனை விரியும் குண்டு வேண்டும். அது முன்னங்காலுக்குப் பின்னேயுள்ள இருதயத்தையும் நுரையீரலையும் அடைந்து விரிந்தால், உயிர் நொடியில் பிரியும். ஆனால் அளவுக்கு மிஞ்சி விரைவிலேயே சிதறிவிட்டாலோ, தோளெலும்பின் மேல் பெரும் புண்ணை உண்டாக்கி உள்ளே செல்லாமல் நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் குண்டைத் தெரிவதே மான் வேட்டைக்காரரின் கடமையாம்.

1935-இல் அமெரிக்க நாட்டு வின்செஸ்டர் கம்பெனியார் .220 ஸ்விப்ட் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். அதன் குண்டு 48 கிரெயின், மூன்று கிராமுக்குச் சற்று மேல். வேகமோ வினாடிக்கு 4,110 அடி. அந்நாளில் விற்பனைக்கு வந்த தோட்டாக்களில் அதனினும் விரைவானதில்லை. பெல் துரை இதைக்கொண்டு சிவப்பு மான்களைச் சுட்டார். இடியுண்டாற்போல் மான் நின்ற இடத்திலேயே வீழ்ந்தது கண்டு, அத்தோட்டாவை மனமாரப் புகழ்ந்து எழுதினார். நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆண்மானை மூன்று கிராம் ஈயத்தால் வீழ்த்துவது அவருடைய பழைய கொள்கைக்கு முடிசூட்டியது போலாயிற்று.

இங்கேதான் நாம் நின்று ஆலோசிக்க வேண்டும். அவர் கண்டது பொய்யன்று. ஆனால் சுட்டவர் யார்? ஆயிரம் யானைகளின் எதிரே நடுங்காது நின்ற கை அது. மான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றது, இப்போது சுடலாமா, பொறுக்கலாமா என்று கணத்தில் அறியும் கண் அது. வருஷத்தில் ஓரிரு நாள் மலையேறும் ஒருவர் அதே தோட்டாவை எடுத்துச் சென்றால், குறி நாலு விரற்கடை விலகியவுடன் அவ்விலேசான குண்டு எலும்பிற்பட்டுச் சிதறும். அப்பிழையின் வேதனையைச் சுட்டவர் அநுபவிப்பதில்லை. வாயில்லாப் பிராணியே அநுபவிக்கின்றது.

இதனை உணர்ந்தே பிற்காலத்துச் சட்டம் அமைந்தது. ஸ்காத்லாந்தில் 1985-ஆம் வருஷத்து உத்தரவின்படி, சிவப்பு மானைச் சுடும் குண்டு 100 கிரெயினுக்குக் குறையலாகாது. வேகம் வினாடிக்கு 2,450 அடிக்கும், சக்தி 1,750 அடி-பவுண்டுக்கும் குறையலாகாது. விரியும் குண்டாகவும் இருத்தல் வேண்டும். ஸ்விப்ட் தோட்டாவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வேகத்தில் அது மிகத் தேறுகின்றது. சக்தியும் சுமார் 1,800 அடி-பவுண்டாதலின் தேறிவிடுகின்றது. எடை ஒன்றிலேயே தோற்கின்றது. ஈயத்தை விலக்கிச் செம்புக் குண்டுகளைக் கையாளும் வழக்கம் பரவவே, செம்பு ஈயத்தினும் இலேசாதலின், 2023-இல் எடை வரம்பு 80 கிரெயினாகக் குறைக்கப்பட்டது. அப்போதும் 48 கிரெயின் குண்டு அவ்வரம்புக்கு வெளியிலேயே நின்றது. சட்டம் பெல் துரைக்காக எழுதப்பட்டதன்று. அவரைப்போற் சுட இயலாத பலருக்காகவும், அவர்கள் எதிரே நிற்கும் மானுக்காகவும் எழுதப்பட்டது. ஒருவருடைய தேர்ச்சியால் சித்தித்ததை எல்லார்க்கும் விதியாக்குதல் தகாது என்பது நம் கருத்து.

மற்றொரு குறையையும் மறைத்தல் முறையன்று. அவர் தம் கணக்கின்படி கொன்ற யானைகள் 1,011. அவற்றுள் எண்ணூறுக்கு மேற்பட்டவை .275-க்கு இரையாயின. தந்தத்தின் விலைக்காகவே அவை மாண்டன. அன்று அது குற்றமாகக் கருதப்படவில்லை. ஆயினும் ஆப்பிரிக்க யானையின் தந்த வியாபாரத்தை 1989-இல் உலக நாடுகள் கூடித் தடுக்க நேர்ந்த நிலைமைக்கு, அக்காலத்து வேட்டைகளும் ஒரு தொடக்கமாயின. ஒரே குண்டில் துன்பமின்றிக் கொன்றார் என்பது அவருக்குப் புகழே. அத்தனை உயிர்களைக் கொன்றார் என்பது அப்புகழால் மறையாது. நம் நாட்டிலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான் வேட்டை குற்றமாயிற்று. ஆதலின் பாட்டனார் துப்பாக்கியின் கதையைச் சொல்லும் நம் பெரியோர்கள், இந்தச் செய்தியையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்வார்களாக.

பெல் துரை கரமோஜாப் பயணங்களைப் பற்றிய தம் மற்றொரு நூலை 1949-இல் வெளியிட்டு, 1954-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகள் 1960-இல் நூலாயின.

தாய் தந்தையரற்ற பிள்ளை, பள்ளியில் நிலைக்காதவர், கூட்டாளியால் வஞ்சிக்கப்பட்டவர். ஆயினும் கருவியின் பருமனை நம்பாது அதன் இயல்பை ஆராய்ந்து, நாள்தோறும் பழகி, தம் தொழிலில் முதல்வரானார். நம் இளைஞர்கள் எத்தொழிலிற் புகுந்தாலும், எடுத்த கருவியை அவர் யானையின் தலையோட்டை அறுத்துப் பார்த்த பொறுமையோடு அறிந்துகொள்ள வேண்டுமென்று விரும்புகின்றோம். தமக்குக் கைவந்த ஒன்றைப் பிறர்க்குக் கூறும்போது மட்டும், கேட்பவரின் கை எத்தன்மையது என்பதையும், தவறு நேர்ந்தால் அதன் துன்பம் யாரைச் சாரும் என்பதையும் எண்ணிப் பார்த்துக் கூறுவார்களாக.