சொந்த மண்ணில் தோற்ற தலைவர்

வரலாற்றுப் பாடத்தில் டத்தோ ஓன் ஜாஃபாரின் வெற்றிகளைப் படிக்கும் மாணவர்களுக்கு, அவரது தோல்வியையும் நான் சொல்ல விரும்புகிறேன்.

1895-இல் ஜொகூர் பாருவில் பிறந்த ஓன், பத்திரிகை ஆசிரியராகப் பணியாற்றியவர். 1946-இல் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்க்காரர்களை ஒன்று திரட்டினார். அவ்வாண்டு மே 11-ஆம் நாள் ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில் அம்னோ உதயமானது. அவரே முதல் தலைவர். மறு ஆண்டு ஜொகூர் மந்திரி புசார் ஆனார்.

பிற இனத்தவருக்கும் அம்னோவில் இடமளிக்க வேண்டும் என்றார். கட்சி ஏற்கவில்லை. 1951-இல் விலகி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். 1952-இல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் ம.இ.கா. அவருக்குத் துணை நின்றது. ஆயினும் 12 இடங்களில் 2 மட்டுமே கிடைத்தன. 1954-இல் அவர் அமைத்த நெகாரா கட்சி மலாய்க்காரர் நலனை முன்னிறுத்தியது. ம.இ.கா.வோ கூட்டணியில் சேர்ந்தது.

1955 ஜூலை 27-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. ஜொகூரின் எல்லாத் தொகுதிகளும் கூட்டணிக்கே. ஜொகூர் பாருவில் ஓனும் தோற்றார்.

காரணம் எளிது என்பேன். அவர் முதலில் அரவணைக்க நினைத்தவர்களில் பலருக்கு அன்று வாக்குரிமை இல்லை. வாக்காளர்களில் பெரும்பான்மையினரான மலாய்க்காரர்களோ, விரைவில் சுதந்திரம் என்ற துங்குவின் பக்கம் நின்றனர்.

ஓன் ஒதுங்கிவிடவில்லை. 1959-இல் திரெங்கானுவில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1962-இல் மறைந்தார். அவர் மகன் ஹுசேன் ஓன் 1976-இல் நாட்டின் மூன்றாவது பிரதமரானார்.

மாணவர்களே, ஒரு கொள்கை சரியா என்பதோடு, யார் கையில் வாக்கு இருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். தேர்தல் வரலாறு அப்போதுதான் புரியும்.