மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர், ஓவியர் ஆவார். இவரது முழுப்பெயர் மாதவையா கிருஷ்ணன். தமிழின் முன்னோடிப் புதின ஆசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன். இந்தியக் காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளைப் படங்களில் பதிவு செய்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். தாமே இணைத்து உருவாக்கிய ஒளிப்படக்கருவியைக் காட்டில் பயன்படுத்தியமைக்காகவும் நினைவு கூரப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் இவரே கடைசி. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் ஆங்கிலப் புதின ஆசிரியராகவும் விளங்கிய மா. அனந்தநாராயணன் இவருடைய தமையன் ஆவார். உப்புத் துறையில் அலுவலராகப் பணியாற்றிய மாதவையா, ஓய்வுக்குப் பின் குடும்பத்துடன் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தார். அக்காலத்து மயிலாப்பூரைச் சுற்றிப் புதர்க்காடுகள் இருந்தன. பறவைகள் மட்டுமன்றி நரிகளும் வெளிமான்களும் அங்கே காணப்பட்டன. சிறுவனாக இருந்த கிருஷ்ணன் பதினோராம் வயதில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். இயற்கையின் மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டிற்கு இச்சூழலே அடித்தளம் ஆயிற்று.

1925 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் தமிழுக்கு இடமளிக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேசி முடித்த மாதவையா அங்கேயே மயங்கி விழுந்து இறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. அதன்பின் மூத்த தமக்கை இலட்சுமி அவரைப் பேணி வளர்த்தார்.

கல்வி

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிருஷ்ணன், 1927 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1931 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கு பேராசிரியராக இருந்த பி. எஃப். பைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற தாவரவியலாளர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் சென்ற கிருஷ்ணன், பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். ஒரு செடியை வரைவதற்கு அதை முழுமையாகக் கூர்ந்து நோக்க வேண்டும் என்னும் பயிற்சி, பிற்காலத்தில் அவரது எழுத்துக்கும் ஒளிப்படத்திற்கும் துணை நின்றது. பின்னர் முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார்.

சந்தூர் வாழ்க்கை

படிப்பு முடிந்தபின் கிருஷ்ணனுக்கு நிலையான வேலை எளிதில் அமையவில்லை. சிற்றிதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதியும் கேலிச்சித்திரங்கள் வரைந்தும் வாழ்ந்து வந்தார். 1937 இல் இந்துமதியை மணந்தார். 1942 இல், பெல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. அங்கு பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார்.

மலையும் புதர்க்காடும் சூழ்ந்த சந்தூரில் அவர் காடுகளில் மிகுந்த நேரத்தைச் செலவிட்டார். ஆடு மேய்த்தார், தூது செல்லும் புறாக்களை வளர்த்தார். 1949 இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபோது கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் மாதச் சம்பளம் தரும் எந்த வேலையிலும் சேரவில்லை. எழுத்தும் ஒளிப்படமும் மட்டுமே வருவாய் என்ற நிலையைத் தாமே தேர்ந்துகொண்டார். குடும்பத்தை நடத்துவதற்கு இது எளிய வழியன்று. ஆயினும் அரசுத் துறைகளின் செயல்களைத் தயக்கமின்றி விமரிசிக்கும் உரிமையை இதுவே அவருக்கு அளித்தது.

எழுத்துப் பணி

1950 இல் தி ஸ்டேட்ஸ்மன் இதழில் தொடங்கிய பத்தி இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்தது. யானை, புலி போன்ற பெரிய விலங்குகளைப் பற்றி மட்டுமன்றி, வீட்டுக் கொல்லையில் காணப்படும் அணில், ஓணான், காகம், பல்லி ஆகியவற்றைப் பற்றியும் அதே அக்கறையுடன் எழுதினார். பல கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியங்கள் வரைந்தார். அவரது கடைசிப் பத்தி அவர் இறந்த நாளன்று வெளியானது.

தமிழிலும் இயற்கை பற்றிய கட்டுரைகளை எழுதினார். சங்க இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவராதலால், பழந்தமிழ்ப் புலவர்கள் குறிப்பிடும் விலங்குகளையும் பறவைகளையும் களத்தில் கண்டவற்றுடன் ஒப்பிட்டு நோக்கினார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் புதினத்தையும் எழுதியுள்ளார்.

ஒளிப்படக் கலை

கிருஷ்ணன் ஒளிப்படத்தை ஓர் அழகுக்கலையாக மட்டும் கருதவில்லை. விலங்கின் உடலமைப்பு, நடை, கூட்டத்தில் அதன் இடம், அது வாழும் நிலம் ஆகியவற்றைக் காட்டும் சான்றாகவே அதனைப் பயன்படுத்தினார். முதுமலை, பந்திப்பூர் முதலிய காடுகளில் அவர் எடுத்த காட்டு யானைப் படங்கள் பெரிதும் பாராட்டப்பட்டவை. வண்ணச்சுருள்கள் பரவலான பின்னரும் கருப்பு வெள்ளையிலேயே தொடர்ந்து படம் எடுத்தார்.

அவர் காலத்துச் சூழல்

கிருஷ்ணன் காட்டுக்குள் கருவியுடன் சென்ற ஆண்டுகள், ஒற்றைவில்லை மறிப்பு ஒளிப்படக்கருவி வளர்ச்சியடைந்த ஆண்டுகளும் ஆகும். எஸ். எல். ஆர். கேமரா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வகைக் கருவியில், வில்லை (லென்ஸ்) வழியே வரும் ஒளியைச் சாய்வான கண்ணாடி ஒன்று மேல்நோக்கித் திருப்புகிறது. எனவே படச்சுருளில் விழப்போகும் அதே காட்சியை எடுப்பவர் முன்கூட்டியே காண்கிறார். தொலைவளவி வகைக் கருவிகளில் காட்சியைப் பார்க்கும் சாளரம் தனியாக இருப்பதால், ஏறத்தாழ 135 மி.மீ. குவியத் தொலைவுக்கு மேற்பட்ட வில்லைகளைத் துல்லியமாகக் குவியப்படுத்துவது கடினம். காட்டுயிர்ப் படங்களுக்கு மறிப்புக்கருவி இன்றியமையாததாக ஆனதற்கு இதுவே காரணம்.

இக்கருவியின் வளர்ச்சியில் சில படிநிலைகள் முக்கியமானவை. 35 மி.மீ. சுருளுக்கான கைன் எக்சாக்டா 1936 இல் வெளிவந்தது. 1949 இல் வெளியான கான்டாக்ஸ் எஸ், ஐம்பட்டகத்தின் உதவியால் காட்சியை இடவலம் மாறாமல் கண்மட்டத்தில் காட்டியது. படம் எடுத்தவுடன் தானே கீழிறங்கும் கண்ணாடியை 1954 இல் அசாகிஃப்ளெக்ஸ் II பி அறிமுகப்படுத்தியது. 1959 இல் வெளிவந்த நிக்கான் எஃப், ஒரே பொருத்துவாயில் பல வில்லைகளை மாற்றிக்கொள்ளும் முழுமையான தொகுதியாகப் புகழ்பெற்றது.

இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் காரணமாக இக்கருவிகளை இறக்குமதி செய்வது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 இல் உற்பத்தியைத் தொடங்கி, இந்து என்னும் பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. கருவிகளும் வில்லைகளும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன.

இணைப்புக் கருவி

சம்பளம் இல்லாத ஒருவர் முழுமையான வில்லைத் தொகுதியை வாங்குவது அக்காலத்தில் அரிது. கிருஷ்ணன் ஒரு நிறுவனத்தின் கருவி உடலையும் மற்றொரு நிறுவனத்தின் தொலைப்பட வில்லையையும் எடுத்து, வேறு உறுப்புகளையும் சேர்த்துத் தாமே ஒன்றாக இணைத்துக்கொண்டார். அதன் எடையையும் பருமனையும் கேலி செய்யும் வகையில் சூப்பர் பாண்டரோசா என்று அதற்குப் பெயரிட்டார். கண்டவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றிய இக்கருவியைக் கொண்டு அவர் எடுத்த படங்கள், விலையுயர்ந்த கருவிகளில் எடுக்கப்பட்டவற்றுக்குக் குறைந்தவையல்ல.

தொலைப்பட வில்லையின் தேவையை ஒரு எளிய கணக்கால் அறியலாம். 2.5 மீட்டர் உயரமுள்ள யானை 50 மீட்டர் தொலைவில் நிற்கும்போது, 50 மி.மீ. வில்லை அதன் உருவத்தைச் சுருளில் 2.5 மி.மீ. உயரத்திற்கே பதிக்கும். 300 மி.மீ. வில்லையோ 15 மி.மீ. உயரத்திற்குப் பதிக்கும். 35 மி.மீ. சுருளின் சட்டம் 24 மி.மீ. உயரமே உடையதாதலால், இரண்டாவது படத்தில் யானை சட்டத்தின் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். வில்லை இல்லையேல் யானையை மிக அருகில் நெருங்க வேண்டும். அது எடுப்பவருக்கும் ஆபத்து, விலங்குக்கும் தொந்தரவு.

வேறு வேறு நிறுவனங்களின் உறுப்புகளை இணைப்பதில் முக்கியமான தடை, வில்லைப் பொருத்துவாயிலிருந்து சுருள் வரை உள்ள இடைவெளி ஆகும். இது எம் 42 எனப்படும் திருகு வகையில் 45.46 மி.மீ.; நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ.; நடுத்தர அளவுச் சுருளைப் பயன்படுத்தும் பென்டகான் சிக்ஸ் வகையில் 74.1 மி.மீ. வில்லைக்குரிய இடைவெளியை விட உடலின் இடைவெளி குறைவாக இருந்தால், இடையே ஒரு குழாயைப் பொருத்தி ஈடுசெய்யலாம். மாறாக உடலின் இடைவெளி மிகுதியாக இருந்தால், தொலைவிலுள்ள காட்சி குவியாது. பெரிய கருவிகளுக்கென உருவான நீண்ட வில்லைகளைச் சிறிய கருவிகளில் பொருத்த முடிவதன் காரணம் இதுவே. அதே வேளையில், இணைப்புக் கருவியில் ஒளித்துளையும் கண்ணாடியும் தானாக ஒத்தியங்குவதில்லை. ஒவ்வொரு படத்திற்கும் அளவுகளைக் கையால் அமைக்க வேண்டியிருப்பதால், விலங்கின் அடுத்த அசைவை முன்கூட்டியே கணிக்கும் அறிவு தேவைப்படுகிறது.

முதன்முறையாகப் படச்சுருள் கேமரா ஒன்றைத் தேர்வு செய்வோர்க்கும் இவ்வரலாறு பயன்படும். உடலை விடப் பொருத்துவாயே நீடித்த முடிவு; ஏனெனில் பின்னர் வாங்கும் வில்லைகள் அனைத்தும் அதைச் சார்ந்தவை. எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்பது முதலில் தெளிவானால், எந்த வில்லை தேவை என்பதும் தெளிவாகும். கிருஷ்ணனுக்கு எடுக்க வேண்டிய விலங்கு முதலில் தெரிந்திருந்தது. கருவி அதற்கேற்ப அமைந்தது.

இயற்கைப் பாதுகாப்பு

1968 இல் கிருஷ்ணனுக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நிதி வழங்கப்பட்டது. அதன் துணையுடன் இந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி விரிவான கள ஆய்வு செய்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் தொடராகவும் பின்னர் 1975 இல் நூலாகவும் வெளிவந்தது. இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும் அங்கம் வகித்தார்.

ஒரு நிலத்தின் விலங்குகளைக் காக்க வேண்டுமானால் அந்நிலத்திற்குரிய தாவரங்களையும் காக்க வேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து. அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் தொடர்ந்து எதிர்த்தார். புதர்க்காட்டைப் பயனற்ற தரிசு எனக் கருதும் போக்கையும் ஏற்கவில்லை. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி வட்டாரங்களிலும் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இக்கருத்தின் பொருளை நேரில் காணலாம். அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல் அங்குக் கண்மாய்களிலும் தரிசு நிலங்களிலும் பரவி, கவுதாரியும் முயலும் வாழும் திறந்த புல்வெளிகளையும் உடைமரப் புதர்களையும் சுருக்கிவிட்டது. 2017 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற உத்தரவிட்டபோது இச்சிக்கல் பரவலாக விவாதிக்கப்பட்டது. எனினும், கரிமூட்டம் போடுவோர் பலருக்கு அம்மரமே வாழ்வாதாரமாகவும் இருப்பதால் அதற்கு எளிய தீர்வு இல்லை.

மறைவும் நினைவும்

கிருஷ்ணன் 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். அவரது ஆங்கிலக் கட்டுரைகளை வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா தொகுத்து 2000 இல் வெளியிட்டார். தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தார். அவர் எடுத்த படங்கள் 2006 இல் நூலாக வெளிவந்தன. சென்னை இயற்கையியலாளர் கழகம் அவர் நினைவாக இயற்கை எழுத்துக்கான விருதை ஏற்படுத்தியது.

விருதுகள்

ஜவகர்லால் நேரு ஆய்வு நிதி (1968)
பத்மசிறீ விருது
ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது (1995)

நூல்கள்

ஜங்கிள் அண்ட் பேக்யார்ட் (1961)
இந்தியாஸ் வைல்ட்லைஃப் இன் 1959-70 (1975)
நைட்ஸ் அண்ட் டேஸ் (1985)
கதிரேசன் செட்டியாரின் காதல் (புதினம்)
மழைக்காலமும் குயிலோசையும் (தொகுப்பு: சு. தியடோர் பாஸ்கரன்)

இவற்றையும் பார்க்க

அ. மாதவையா
முதுமலை
ஒளிப்படவியல்
சீமைக் கருவேலம்