பிரித்துப் பார்த்தவர் – ஜி.டி. நாயுடு

இந்த மாதம் ‘அறிஞர் வரலாறு’ பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. இந்தியாவின் எடிசன் யார் என்று பொது அறிவில் ஒரு மார்க் கேள்வியாக எல்லாரும் படிச்சிருப்பீங்க. அந்த ஒரு மார்க்குக்கு மேல அவர்கிட்ட நிறைய இருக்கு.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 23.3.1893 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். (இதைப் படிச்சிட்டு யாரும் நாளைக்கு லீவு போட வேண்டாம்.) வாலிப வயதில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுது! அதை வாங்கியே தீர வேண்டும் என்று கோயம்புத்தூர் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கின வண்டியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், திரும்பவும் பூட்டினார். அவர் படித்த பாடப்புத்தகம் அதுதான்.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்றாங்க. அதுக்கப்புறம் கோயம்புத்தூரே மோட்டார் ஊர் ஆயிடுச்சு. கிணற்றுப் பம்ப்செட், மாவு ஆட்டும் கிரைண்டர் எல்லாம் அங்கேயிருந்து வந்து நம்ம வீட்டு அடுப்படியில உட்கார்ந்தது.

அடுப்படியில் மோட்டார் என்றதும் இன்னொரு சமாசாரம் சொல்லணும். எங்க மாமா சென்னையில் குழாய் வேலை செய்கிறார். பெரிய அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் கழுவும் சிங்குக்கு அடியில் ஒரு மெஷின் மாட்டுவாராம். காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாத்தையும் அரைத்துத் தண்ணியோடு சாக்கடைக்கு அனுப்பிவிடும். 1927-ல் அமெரிக்காவில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் கண்டுபிடித்தது. (நம்ம ஊரில் அந்தத் தோலை மாட்டுக்குப் போட்டுடுவோம், அதுவே மேல் என்பது என் கருத்து.) அரைக்கிற வேலையை மோட்டார் பார்த்துக்கும். கஷ்டம் எதில் என்றால் மாட்டுவதில்தான். மெஷின் ஏழெட்டுக் கிலோ இருக்கும். மல்லாந்து படுத்து ஒரு கையில் அதைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் எப்படி ஸ்குரூ முடுக்குவது? எங்க வீட்டில் தறிமேல் ஜக்கார்டு பெட்டி ஏத்தின அன்னைக்கு நாலு பேர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதுக்கு ஒரு வழி செய்திருக்காங்க. சிங்க் ஓட்டையில் மேலேயிருந்து ஒரு வளையம், ஒழுகாமல் இருக்க அதன் அடியில் மக்கு. கீழேயிருந்து இன்னொரு வளையம் வைத்து மூணு ஸ்குரூவால் இறுக்கணும். இதுவரைக்கும் கையில் கனமே இல்லை. கடைசியில் மெஷினைத் தூக்கி வளையத்தில் பொருத்தி ஒரே திருப்பு. குண்டு பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருப்புகிற மாதிரிதான். கழற்றணும்னாலும் அப்படியே. கனத்தைக் கடைசியில் ஏத்தணும், இதுதான் சூட்சுமம்.

இந்த மெஷினை நாயுடு செய்யவில்லை. ஆனால் மாமா சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. பெரிய ஆள் மட்டும் வைத்திருந்த பொருளைச் சின்ன ஆள் கைக்குக் கொண்டு வருவதுதான் அவர் வேலையாக இருந்தது. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று எவ்வளவோ செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் கார் செய்தார், விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை, அதோடு நின்றது.

1950-களில் வரி அதிகம் என்ற கோபத்தில், தான் செய்த ரேடியோ போன்ற பொருள்களை ஜனங்கள் முன்னாலேயே உடைத்தார். இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் நியாயமாகவே இருக்கட்டும், அந்த ரேடியோ இல்லாத வீடு எத்தனை இருந்திருக்கும்? ஒரு பாவு அறுந்தாலே எங்க அம்மா அன்னைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டாங்க.

1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல் பிரின்சிபாலும் ஆனார். மூணாம் கிளாஸ் படித்தவர் பிரின்சிபால்! நாலு வருஷப் படிப்பு வீண், கையால் வேலை செய்து படித்தால் இரண்டே வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, இவரும் விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

4.1.1974 அன்று காலமானார். அவர் செய்த, சேர்த்த பொருள்களைக் கோவை அவினாசி சாலையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

எங்க வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தம்பி கையில் கொடுப்பாங்க. அவன் ஆறாவது. போன தீபாவளிக்கு முன்னால் நான்தான் அதைக் கழற்றி, தேய்ந்துபோன கார்பன் பிரஷ் மாற்றிப் பூட்டினேன். பாட்டி மூன்று நாள் பேசவில்லை, ஆனால் சட்னி அதில்தான் அரைத்தார்கள். பத்தாவது முடித்தால் பாலிடெக்னிக் மூன்று வருஷம், பெண்களும் மெக்கானிக்கல் சேரலாம் என்று அறிவியல் மிஸ் சொன்னாங்க. அப்பாவிடம் கேட்டிருக்கேன். புடவை ஒண்ணு தறியிலிருந்து இறங்கட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி